முத்தையா லீவில் போன கதை

அங்கிள்,

நேற்று மஸ்கட் ரூவியில் ஒரு பழைய விடுதியின் கீழ்த்தளத்தில் எங்கள் அலுவலக விருந்து. படி இறங்கும்போதே அந்த வாடை வந்துவிட்டது. கம்பளத்தில் ஆண்டுக்கணக்காக ஊறிய பியர், அதை மறைக்கத் தெளித்த பினாயில், உள்ளே எங்கோ வறுபடும் வேர்க்கடலை. கூட வந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நீங்கள் பின்னால் மூச்சிரைக்க இறங்கி வந்து, "மோந்து பாரும்மா, இதுதான் நம்ம ஊரு ஹிஸ்டரி" என்று சொல்வதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் ஏதாவது கடுமையாகச் சொல்லியிருப்பேன். பார்க்கவில்லை.

போனவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்கிறார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களிடமே பேசுகிறேன். அதற்குத் தடை ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்.

எல்லாம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் ஆரம்பித்தது. ஆன்ட்டி வத்தக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் வருடா வருடம் அதே சமையல் குறிப்பு, அதே குழந்தைகளின் மயில் படம் என்று நான் குறைபட்டுக்கொண்டேன். நீங்கள் சோற்றுக்கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். "இந்த ரூவில மொதல்ல பார் தொறந்தது யாரு, லைசென்ஸ் யாரு பேர்ல இருந்துச்சு, கவுண்டர்ல நின்னது யாரு, இத எவனாச்சும் எழுதியிருக்கானா? கோயில் கட்டுனவன எழுதுறான், ஸ்கூல் கட்டுனவன எழுதுறான். சாயங்காலம் ஆனா எல்லாப் பயலும் எங்க போயி ஒக்காந்தான்னு எழுத மாட்டேங்கிறான்!"

ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ அது பிடித்துப்போயிற்று. வியாழக்கிழமை சொன்னீர்கள், வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. கடை எரிந்துவிட்டது, கார் இடித்துவிட்டது என்று வருகிறவர்கள் சொல்வதை உடனே நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இருபது வருடங்களுக்கு மேல் அந்த வேலை பார்த்தவள், உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமைகள் நன்றாகத்தான் இருந்தன. அதையும் சொல்லிவிடவேண்டும். நான் கைப்பையை எடுத்தாலே என் கணவர், "ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் பாருக்குக் கெளம்பிடுச்சா?" என்பார். நீங்கள் தொப்பியை வைத்துக்கொண்டு கீழே காரில் ஹாரன் அடிப்பீர்கள். விடுதிக்குள் போனதும் கவுண்டரை இரண்டு விரலால் தட்டி எலுமிச்சை சோடா கேட்பீர்கள். மதுவை ஊற்றியே வாழ்ந்தவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பதில் உங்களுக்கு ஒரு பெருமை. பியானோ வாசித்த கோவாக்காரர், கண்ணாடிக் குவளை கழுவியே வீடு கட்டிய மலையாளி, வாசலில் நின்று வணக்கம் சொன்ன பலூச்சிக் கிழவர் என்று ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்தீர்கள். "ஊத்துனவனையும் கேளு, குடிச்சவனையும் கேளு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா, நம்பாத" என்பீர்கள். விழுந்து விழுந்து சிரிப்பேன்.

உரிமம் எப்படி நடந்தது என்பதையும் நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். விடுதிக்குள்தான் பார் நடத்தலாம். உரிமம் ஓமானி முதலாளியின் பெயரில் இருக்கும். ஆனால் அதற்குப் பொறுப்பாளி என்று வெளியூர்க்காரர் ஒருவரைக் காட்டவேண்டும். ஏதாவது தப்பு நடந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய தப்பு எதுவென்றால், மது வாங்கும் பெர்மிட் அட்டை இல்லாத ஆளுக்குப் புட்டியை வெளியே கொடுத்துவிடுவது. அது தெரிந்தால் உரிமமே போய்விடும். இவ்வளவும் எனக்குப் பாடமாகத் தெரியும், உங்கள் புண்ணியத்தில்.

முத்தையாவைப் பற்றிச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கைப்பேசிக் கடைகள் நிறைந்த ஒரு கட்டடத்தின் எதிரே காரை நிறுத்தினீர்கள். "இங்கதான் இருந்துச்சு. தமிழாளுங்க கையில இருந்த மொத பாரு." முத்தையா சாத்தூர்க்காரர், அவர்தான் பொறுப்பாளி. நீங்கள் அவருக்கு அடுத்தபடி. இருவருக்கும் ஒரே ரூம், ஒரே பானைச் சோறு. நீங்கள் பம்பாயில் வளர்ந்தவர், இந்தி தண்ணீர்பட்ட பாடு. அவருக்கு வணக்கத்துக்கு மேல் இந்தி வராது. முதலாளியிடம் அவர் சார்பில் நீங்கள்தான் பேசுவீர்கள்.

"ஒரு நாள் ரூமுக்கு வந்து பாத்தா ஆளக் காணோம், பொட்டியக் காணோம். ராஸ்கல், லேபர் கேம்ப்புக்குத் திருட்டுத்தனமா பாட்டில் போட்டுக்கிட்டு இருந்திருக்கான். மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் ஓடிட்டான். சொல்லிக்காம ஓடிட்டான்மா. அவன் கெடுத்த பேர நான் நின்னு தூக்கி நிறுத்துனேன்." உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் உங்கள் தோளைத் தொட்டேன்.

முதலாளியைப் பார்க்கலாமா என்று அன்றிரவே உங்கள் வீட்டில் தோசை சாப்பிடும்போது கேட்டேன். "அவரு போய்ச் சேந்து ரொம்ப வருஷமாச்சும்மா" என்றீர்கள்.

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து ஒரு மனிதனைத் திருடன் என்று எழுதமாட்டேன், இன்னொரு சாட்சி வேண்டும் என்றேன். நீங்கள் கோபிக்கவில்லை. அடுத்த வாரமே மத்ரா கடற்கரைச் சாலையில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப்போனீர்கள். அந்த விடுதியில் எழுத்தராக இருந்த ஓமானிப் பெரியவர் அங்கே காத்திருந்தார். அவருக்கு அரபு மட்டும்தான் தெரியும், எனக்கு அது வராது. இருவரும் கட்டிக்கொண்டீர்கள். நீங்கள் ஏதோ கேட்டீர்கள். அவர் நிறையப் பேசினார், சிரித்தார். என்னைப் பார்த்து, "முத்தையா" என்று சொல்லி நெஞ்சில் கைவைத்தார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "ஆமா, அவன் சரியில்லாத ஆளுதான்னு சொல்றாரு. முதலாளி மனசு ஒடஞ்சு போச்சாம்." நான் பெரியவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார். நெஞ்சில் வைத்த கை மட்டும் கொஞ்சம் இடித்தது. அரபுக்காரர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மலரில் அதைப் போட நீங்கள் போட்ட சண்டையை யாரும் மறக்கவில்லை. "பார் பத்தியெல்லாம் எதுக்கு மேடம், ஃபேமிலிங்க படிக்கிறது" என்று செயலாளர் இழுத்தார். நீங்கள் மேசையில் தட்டினீர்கள். கட்டுரை வந்தது. மலர் கைக்கு வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். முழுக் கட்டுரையையும் படிக்கச் சொல்லவில்லை. முத்தையா வருகிற பத்தியை மட்டும் வாசிக்கச் சொன்னீர்கள். வாசித்தேன். "அச்சுல வந்துட்டா சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். என் எழுத்தை நினைத்துச் சந்தோஷப்படுகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேன், பைத்தியக்காரி.

சில நாட்களில் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் அழுத அழுகையைப் பார்த்து உங்கள் மகன்தான் என்னைத் தேற்றினான். என் அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழுததில்லை.

கலா என்று ஒரு பெண் போன் செய்தது அதற்குப் பிறகு. சாத்தூரிலிருந்து. ரூவியில் வேலை பார்க்கும் அவர்கள் ஊர்ப் பையன் யாரோ மலரை வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறான்.

"நீங்கதானங்க அந்தக் கட்டுரை எழுதுனது? நான் முத்தையா மக பேசுறேன்" என்றாள். "எங்கப்பா பார்லதான் வேல பாத்தாருன்னு ஊருக்கே தெரியும். அதுல எங்களுக்கு வெக்கம் இல்ல. திருட்டுத்தனமா வித்துட்டு ஓடிவந்தாருன்னு எழுதிட்டீங்களே. எங்கப்பா ஓடி வரலைங்க. லீவுல வந்தாரு. திரும்பிப் போறதுக்கு முதலாளி விசா அனுப்புவாருன்னு காத்துக்கெடந்தாரு, வரவே இல்ல. இப்ப டீக்கடைக்குப் போறதயே நிறுத்திட்டாரு. வாசல்ல யாராச்சும் நின்னா உள்ள போயிடுறாரு."

"என்கிட்ட ரெண்டு சாட்சி இருக்குங்க" என்றேன், அலுவலகக் குரலில். அந்த இரண்டு சாட்சியும் நீங்கள்தான் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் முதலாளியின் குடும்பத்தைத் தேடிப் போனேன். பேரன் ரூவியில் விளக்குக் கடை வைத்திருக்கிறான். உங்கள் தாத்தாவின் பழைய விடுதியைப் பற்றிக் கேட்கவேண்டும், விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றேன். "தாத்தாவையே கேளுங்களேன். சலாலாவில் அத்தை வீட்டில் இருக்கிறார். சாரல் முடிந்துதான் வருவார்" என்று விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான். எத்தனை சாதாரணமாகச் சொன்னான் தெரியுமா? நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிற மனிதரை எனக்காகச் சாகடித்திருக்கிறீர்கள், அங்கிள். அதுவும் சட்டினி தொட்டுக்கொண்டே.

என் கணவரும் நானும் சலாலாவுக்குப் போனோம். சாரல் பொசுபொசுவென்று பெய்துகொண்டிருந்தது, மலையெல்லாம் பச்சை. பெரியவர் திண்டில் சாய்ந்திருந்தார். பேரீச்சம்பழமும் காவாக் காப்பியும் வந்தன. பம்பாயில் வியாபாரம் பண்ணியவர், இந்தி அவ்வளவு நன்றாகப் பேசுகிறார். நடுவில் ஆளே தேவைப்படவில்லை.

முத்தையா என்றதும் முகம் மலர்ந்தது. "முத்து! சச்சா ஆத்மி, நேர்மையான மனிதன். அவனைப்போல் ஒருவன் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை" என்றார். கேம்ப்புக்குப் புட்டி விற்றாராமே என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் சொன்னது? அப்படி நடந்திருந்தால் என் உரிமம் அன்றே போயிருக்காதா? கடைசி வரை ஒரு கறை இல்லாமல் இருந்தது." அது என் கட்டுரையிலேயே இருந்தது. உரிமம் தடையில்லாமல் தொடர்ந்தது என்று இரண்டு பத்தி தள்ளி நானே எழுதியிருந்தேன்.

பிறகு அவர் அந்த நாளைச் சொன்னார். அவர் அறையில் நீங்கள் மூவரும். முத்தையா உங்களிடம் தமிழில் ஏதோ சொன்னார். நீங்கள் அதை முதலாளிக்கு இந்தியில் சொன்னீர்கள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, முத்தையா ஒரேயடியாக ஊருக்குப் போகிறான், கலாஸ், இனி வரமாட்டான், தன் இடத்தில் என்னை வைத்துக்கொள்ளச் சொல்கிறான். "நான் முத்துவையே பார்த்து, பக்கா? என்று கேட்டேன். உன் அங்கிள் அவனுக்குத் தமிழில் சொன்னார். முத்து சிரித்துக்கொண்டு தலையாட்டினான். எனக்குத் தாங்கவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிட்டேன். கட்டிப்பிடித்து அழுதேன், அவனும் அழுதான். அப்புறம் அவனிடமிருந்து ஒரு சலாம்கூட வரவில்லை. மறந்துவிட்டான் போல என்று இருந்துவிட்டேன்."

அங்கிள் சௌக்கியமா என்று கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். அவர் உங்களுக்காகக் கையேந்திப் பிரார்த்தித்தார். நான் காவாக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரூவிக்குத் திரும்பியதும் அடுத்த மலருக்கு மறுப்பு எழுதினேன். உங்கள் பெயரைப் போட்டு எழுதினேன். செயலாளர் பதறிப்போனார். "இறந்தவர் பேர் எதுக்கு மேடம்? தகவல் பிழைன்னு ஒரு வரி போட்டுட்டாப் போதுமே." தகவலில் பிழை இல்லை சார், ஆளில் பிழை என்றேன். ஆன்ட்டிக்கு அச்சில் வந்து தெரியக்கூடாது என்று நானே போய்ச் சொன்னேன். கடைசி வரை கேட்டார். "அவர் இல்லாத நேரமா பாத்து வந்து சொல்ற" என்றார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் செருப்பு மாட்டிய கடைசி முறை அது.

அச்சுக்குப் போவதற்கு முன் முத்தையாவிடம் நேரில் படித்துக் காட்டவேண்டும் என்று லீவு போட்டு சாத்தூருக்குப் போனேன். ஒல்லியான மனிதர், தோளில் துண்டு, காது கொஞ்சம் மந்தம். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். "வெயில்ல வந்திருக்கீங்க, மொத மோரு குடிங்க" என்றார். மஸ்கட்டிலிருந்து ஒரு ஆள் தேடி வந்ததில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. பார் இருந்த தெருவைக் கேட்டார், மசூதி முனையில் பரோட்டாக் கடை இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் இறந்த செய்தி அந்த ரூவிப் பையன் மூலம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்துக்கொண்டேன்.

"எனக்கு இந்தி வராதுல்லம்மா. முதலாளி முன்னாடி போயி, ஒரு மாசம் லீவு வேணும்னு நான் ரெண்டு வார்த்ததான் சொன்னேன். அவன் எனக்காக எம்புட்டு நேரம் வாதாடுனான் தெரியுமா? முதலாளி ஏதோ கேட்டாரு. 'ஒரு மாசத்துல கரெக்டா வந்துருவியான்னு கேக்குறாரு'ன்னான். சந்தோசமாத் தலையாட்டுனேன். லீவுக்குப் போறவனுக்கு எந்த முதலாளியாச்சும் கைக்கடியாரம் குடுப்பானா? குடுத்தாரு. கட்டிப் பிடிச்சு அழுதாரு. எனக்கும் அழுகை வந்துருச்சு. அம்புட்டு நல்ல மனுசன் அப்புறம் ஏன் விசா அனுப்பலங்கிறது இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. உங்க ஆளும் விடாம கேட்டுத்தான் பாத்திருக்கான். முதலாளி எறங்கி வர மாட்டேங்கிறாருன்னு சொல்லி விட்டுக்கிட்டே இருந்தான்."

லீவில் போகிறவர் பெட்டியில் ரூமில் உள்ள அத்தனை பேரின் பார்சலும் ஏறும். நம் ஊர் வழக்கம்தானே. நீங்களும் ஏற்றியிருக்கிறீர்கள். பால் பவுடர், தைலம், உங்கள் அம்மாவுக்கு ஒரு சேலை. ஏர்போர்ட் வரை நீங்களே தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பியிருக்கிறீர்கள். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அவர் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய் அதைக் கொடுத்திருக்கிறார். "அவங்கம்மா சோறு போட்டாக. எம்மவனப் பாத்துக்கோய்யான்னு கையப் புடிச்சுக்கிட்டாக. நான் திரும்பிப் போயிருந்தா பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார். சொல்லிக்காமல் ஓடிவிட்டான் என்று காரில் உட்கார்ந்து கண்கலங்கினீர்களே, அங்கிள். அவர் கையில் உங்கள் அம்மாவின் சேலையைக் கொடுத்தபோதும் அப்படித்தான் கலங்கினீர்களா?

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளியாம்மா அப்படிச் சொன்னாரு? நான் பாட்டில் வித்தேன்னு?"

ஒரு 'ஆமாம்' போதும். நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள். இந்த மனிதருக்கும் ஒரு நண்பன் மிஞ்சுவான். கலா மோர்ச் செம்புடன் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அந்த 'ஆமாம்' சொன்னால், அந்த அறையில் நீங்கள் செய்ததையே நானும் செய்தவளாவேன். அவர் ஒன்று கேட்க, நடுவில் நின்று வேறொன்று சொன்னவளாவேன்.

"இல்லைங்கய்யா" என்றேன். "முதலாளி உங்கள உசுரா நெனைச்சுக்கிட்டிருக்காரு. நீங்க மறந்துட்டீங்கன்னு வருத்தப்படுறாரு. அதச் சொன்னது அங்கிள்தான். அன்னைக்கு முதலாளிகிட்ட, நீங்க ஒரேயடியாப் போறீங்கன்னு சொன்னதும் அவர்தான்."

அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கலா குனிந்து காதருகே மறுபடி சொன்னாள். அவர் துண்டை எடுத்து மடியில் போட்டு, அதன் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். வெளியே பால்காரர் மணி அடித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. தூக்கத்துலயே போயிட்டாரு."

"நல்லது" என்றார்.

"என்னப்பா நல்லது? என்ன நல்லதுங்கிறேன்!" என்று கலா செம்பைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள். அவர் எழுந்தார். சட்டையைக் கொண்டுவரச் சொன்னார். மாட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். அங்கே இருந்தவர்கள் முன்னால் என் காகிதத்தை என்னையே சத்தமாகப் படிக்கவைத்தார். உங்கள் பெயர் வந்த இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினார். "அது வேண்டாம்மா. அத மட்டும் விட்டுட்டுப் படிங்க" என்றார்.

அங்கே விட்டுவிட்டுப் படித்தேன், அவருக்காக. அச்சில் விடவில்லை. மலர் வந்துவிட்டது, உங்கள் பெயர் அதில் இருக்கிறது. அவரால் உங்களை விட முடிந்தது. பிரசவ வலியில் என்னை உங்கள் காரில் ஏற்றிக்கொண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்தவர் நீங்கள். என் மகளுக்குப் பேர் வைத்தவர் நீங்கள். அந்தப் பாசமாவது உண்மையா என்று கேட்க எனக்கு இப்போது யாருமில்லை. எனக்கு அந்த 'நல்லது' வரவில்லை, அங்கிள். சொல்லிப் பார்க்கிறேன், வரவில்லை.